அரை மைல் தள்ளிப் போன பனை

புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் சாப்பிடுவதற்கு மட்டும் வாயைத் திறப்பது நல்லது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போதுதான் மதராஸில் பி.ஏ. முடித்திருந்தேன்.)

கல்யாணமான மூன்றாம் மாதம், தேவகோட்டைப் பக்கம் மாமனார் ஊருக்கு விருந்துக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, காலேஜில் என்னதான் படித்தீர்கள் என்று என் மனைவியின் அண்ணன் கருப்பையா கேட்டார். கார்த்திகை மாதிரியான நட்சத்திரக் கூட்டங்களின் தூரத்தைக் கண்டுபிடிப்பது பற்றி அரைமணி நேரம் பேசித் தள்ளினேன்.

"போய்ப் பாக்காம தூரத்தை எப்படி மாப்பிள்ளை சொல்றீக?" என்றார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவரின் பார்வை.

"கிட்டத்துல இருக்குற நட்சத்திரமுன்னா, ரெண்டு இடத்துல இருந்து கோணம் எடுத்தாப் போதும் மச்சான். ரொம்பத் தூரத்துக் கூட்டமுன்னா, வெளிச்சம் எம்புட்டு மங்கலா இருக்குன்னு பாத்துச் சொல்லுவாக."

"அப்ப அந்தப் பனை எம்புட்டுத் தூரம்? சொல்லுங்க பாப்போம்."

வயலுக்கு அப்பால் ஒற்றைப் பனை நின்றது. பன்னிரண்டு முழ இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டுக் கயிறு கட்டினேன். பள்ளிக்கூடத்துக் கோணமானியைக் கம்பின் தலையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன்.

மாமனாரும் பக்கத்து நிலத்துக்காரர் வேலாயுத அம்பலமும் நாலு வருஷமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்ததே அந்தப் பனை நின்ற வரப்புக்காகத்தான். எனக்கு அது தெரியாது. (மச்சானுக்குத் தெரியும். கேட்டால் மறந்துபோச்சு என்பார்.)

நிமிர்ந்தபோது அம்பலம் நாலு ஆட்களோடு எதிரில் நின்றார்.

"தம்பி யாரு, சர்வே ஆபீசா?"

"இல்லீங்க, இந்த வீட்டு மாப்பிள்ளை."

"மாப்பிள்ளைக்குக் கயிறு எதுக்கு?"

"இது நட்சத்திரத் தூரத்தை அளக்குற முறைங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். வெயில் கொளுத்தியது. "பட்டப்பகல்லயா?" என்றார்.

சத்தம் கேட்டு மாமனார் வந்தார். எனக்காகப் பேசுவார் என்று நிம்மதியானேன். அவர் கம்பைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"யாரு அளக்கச் சொன்னது மாப்பிள்ளை? உங்க அப்பாவா?"

அம்பலத்துக்கு நான் மாறுவேடத்தில் வந்த சர்வேயர். மாமனாருக்கோ, அவர் இருக்கும்போதே சொத்தை அளக்க வந்த மருமகன். உள்ளே என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார்களோ என்று கூடத் தோன்றியது.

"சரி தம்பி, கணக்கைச் சொல்லுங்க," என்றார் அம்பலம். "நாங்களும் கயிறு போட்டுப் பாக்குறோம். சரியா இருந்துச்சுன்னா நீங்க சர்வேயருதான்."

சரியாக வந்தால் மாட்டிக்கொள்வேன் என்பது என் பி.ஏ. மூளைக்கு எட்டவில்லை. கணக்கு தப்பிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. காகிதத்தில் வியர்வை சொட்டச் சொட்டப் போட்டு, தலை நிமிர்ந்து சொன்னேன்: "அரை மைல்."

ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். முந்நூறு முழம்கூட வரவில்லை. கோணம் இரண்டு டிகிரி பிசகியிருந்தது. என் கணக்குப்படி பனை, அடுத்த ஊர்க் கண்மாய்க்குள் நின்றது.

அம்பலம் என்னைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார். "விடுங்கடா, இவரு சர்வேயரு இல்ல," என்றார்.

"சொத்தை அளக்க வந்தவரும் இல்ல," என்றார் மாமனார். அவர் முகம் தெளிந்துவிட்டது. நாலு வருஷமாகப் பேசாத இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். (வழக்கு என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது.)

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் விருந்தில் சோறு மிஞ்சினாலும், சட்டை தொளதொளவென்று தைத்து வந்தாலும், அதற்குப் பெயர் 'மாப்பிள்ளைக் கணக்கு'. என் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். வானவெளியில் தூசி பரவிக் கிடக்கிறதாம். அது வெளிச்சத்தை மங்கச் செய்வது தெரியாமல், பெரிய பெரிய வானியல் அறிஞர்களே நட்சத்திரக் கூட்டங்களை இருக்கிற இடத்தைவிட வெகுதூரம் தள்ளி வைத்துவிட்டார்களாம். பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு மாமனாரிடம் ஓடினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"பாவம்," என்றார். "அவுகளும் யாரு வீட்டு மாப்பிள்ளையோ."