வாளியோடு போன பியர்ப் பயணம்

என் நாக்கு சாதாரண நாக்கு அல்ல. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதை வைத்து நான் பெருமைப்படுவது?

பெயர் இரகுநாதன். பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். தினமும் காலையில் ஃபேக்டரியில் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியால் அள்ளி, ‘ஸ்ஸ்ர்ர்’ என்று ஊரே கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்தில் இருக்கிற வாளியில் துப்பிவிடுவேன். விழுங்கக்கூடாது. அதுதான் தொழில் தர்மம். ஊரில் எல்லாரும் தின்று கொழுப்பார்கள். நான் துப்பிச் சம்பாதித்தவன்.

அந்த ஆகஸ்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊவாவில் ஆகஸ்ட் என்றால் காய்ந்த காற்று. அந்தக் காற்றில் தேயிலைக்கு மணம் ஏறும், மனுஷனுக்குப் பித்தம் ஏறும். சண்டை நிறுத்தம் வந்து, ரோட்டில் செக் பொயின்ட்டுகள் குறைந்து, நாட்டில் பாதிப்பேர் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வீட்டுக்கும் ஃபேக்டரிக்கும் நடந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது. எழும்பினால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஃபேக்டரி பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்தான். நான் உறிஞ்சித் துப்புவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பிறகு சொன்னான்: அவன் ஊரில் சின்னச் சின்னதாகப் பியர் காய்ச்சும் இடங்கள் இருக்கின்றனவாம். சனங்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய், ஒவ்வொரு கிளாஸ் ருசி பார்ப்பார்களாம். அதுவே ஒரு சுற்றுலாவாம். “இங்கேயும் ஹல்துமுல்லையில் எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர் பழைய பங்களாவில் தானே பியர் காய்ச்சுகிறார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என் தூக்கமும் அவனோடு போய்விட்டது.

முடிவு கட்டினேன். ஒரே ஒரு நாள். பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை. மூன்று ஊர், மூன்று பியர். இத்தனை வருஷம் துப்பிய நாக்கு ஒரு நாளாவது விழுங்கட்டும்!

இடையில் ஒரு முருகன் நின்றார். போன தீபாவளிக்கு இரண்டு போத்தல் பியர் உள்ளே போனதும் நான் பெரட்டுக்களத்தில் ஏறி நின்று, விடிவதற்கு முன்னமே பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறேன். வேலைக்கு ஆள் பிரிக்கிறார்கள் என்று நம்பி தொழிலாளர் லயத்திலிருந்து பாதிப்பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த வாரமே என் மனைவி குணமணி என்னைக் கதிர்காமத்து முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். இனிமேல் குடிக்க மாட்டேன்.

ஆனால் என்ன சத்தியம்? குடிக்க மாட்டேன் என்றுதானே? ருசி பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லையே!

அடுத்தது வேன். பதுளை பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஜாபிர் என் சிநேகிதன். அவனிடம் வேன் இருந்தது. குடிப்பழக்கம் இல்லை. டிரைவருக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

“ஜாபிர், ஞாயித்துக்கெழம ஹல்துமுல்லைக்கு ஒரு சின்னப் பயணம். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது.”

“என்னத்துக்கு டீமேக்கரய்யா?”

சொன்னேன். அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

“அல்லாவே! நான் வேன மட்டும் ஓட்டுறன். உள்ளுக்கு வரமாட்டன்.”

“நீ உள்ளுக்கு வந்தா எனக்குத்தான் நட்டம். வீட்டுல சொல்லாத.”

“பொஞ்சாதிக்கு பொய் சொல்ல எனக்கு ஏலாது.”

“பொய் சொல்லச் சொன்னேனா? சும்மா இரு.”

வீட்டுக்கு வந்தால், குணமணி பின்பக்கத்து மரக்கறிப் பாத்தியில் குந்தியிருந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஐந்தாம் வகுப்பையும் என்னையும் ஒரே குரலில் நடத்துகிறவள். வெலிமடையிலிருந்து லீக்ஸ் நாற்று கொண்டுவந்து நட்டிருந்தாள். ஊரெல்லாம் காய்ந்து கிடந்த காலத்தில் இவள் மட்டும் சாயந்தரம் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். சுற்றுவட்டாரத்து நத்தைகள் எல்லாம் ஈரத்தைத் தேடி எங்கள் பாத்திக்கே குடிவந்துவிட்டன.

“என்னங்க, இந்த அநியாயத்த பாருங்க. ராவோட ராவா ஒரு பாத்தியே காலி. சாம்பல் போட்டேன், உப்பு போட்டேன். எதுக்காச்சும் அசையுதா?”

“ம்ம்.”

“ஒங்களுக்கென்ன, வதக்கி வச்சா தின்னுட்டு போயிருவீங்க.”

“குணமணி, ஒரு முக்கியமான விஷயம் பேசணும்.”

“பேசுங்க. மொதல்ல கால ஆட்டாதீங்க, குடும்பத்துக்கு ஆகாது.”

காலை நிறுத்தினேன். கை ஆட ஆரம்பித்தது.

“ஞாயித்துக்கெழம ஜாபிரோட வேன்ல ஹல்துமுல்லை வரைக்கும் போறேன். தொழில் விஷயமா.”

“என்ன தொழில்?”

“ருசி பாக்குறதுதான்.”

“எத?”

“அது ஒரு மாதிரி தானியத்துல செய்யிற பானம்...”

“பியர்னு சொல்லுங்க. வாய் வலிக்காது.”

எனக்கு வியர்த்தது. அந்தக் காற்றிலும் வியர்த்தது.

“கதிர்காமத்துல என்னங்க சத்தியம் பண்ணீங்க?”

“குடிக்க மாட்டேன்னு. நான் குடிக்கப் போறேன்னு யாரு சொன்னா? ருசி வேற, குடி வேற. நான் ஃபேக்டரியில தேத்தண்ணி குடிக்கிறேனா? சொல்லு. ஒரு நாளைக்கு எத்தன கோப்பை வாயில வைக்கிறேன்? ஒரு நாளாச்சும் குடிச்சேன்னு சொல்லியிருக்கேனா?”

“இல்ல.”

“அதே மாதிரிதான் இதுவும். நாக்குக்கு ஒரு பயிற்சி.”

குணமணி பாத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பாத்தியைப் பார்த்தாள்.

“சரிங்க.”

“சரின்னா?”

“சரின்னா சரிதான். தொழில்னு சொல்றீங்க. போகாம முடியுமா?”

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் ஒரே பேச்சில் சரி என்று சொன்னதே கிடையாது. ஆனால் ஆசை வந்தவனுக்கு அறிவு எங்கே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. கதவைத் திறந்தேன். பின்சீட்டில் குணமணி. பட்டுச் சேலை, தலையில் பூ. காலடியில் பளபளவென்று ஃபேக்டரி வாளி. பக்கத்தில் கழுவிக் காயவைத்த காலிப் போத்தல்கள்.

“நீ எங்க?”

“நானும் வர்றேன். ஊர் பாத்து எவ்வளவு நாளாச்சு!”

“இந்த வாளி?”

“தொழிலுக்கு போறவரு தொழில் சாமான் இல்லாம போகலாமா? நேத்தே ஃபேக்டரியில கேட்டு வாங்கிட்டேன். புளி போட்டுத் தேய்ச்சிருக்கேன், பாருங்க.”

நான் ஜாபிரைப் பார்த்தேன். அவன் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தான்.

“நான் ஸித்தி ஸுபைதாகிட்ட மட்டுந்தான் சொன்னன், டீமேக்கரய்யா.”

“ஒன் பொஞ்சாதி யார்கிட்ட சொன்னா?”

“டீச்சர்கிட்ட மட்டுந்தான்.”

வேன் கிளம்பியது.

பண்டாரவளையில் ஒரு பழைய ஹோட்டல். பொன்னிறப் பியர் வந்தது. போத்தலில் வேர்த்திருந்தது, கிளாஸில் நுரை நின்றது. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கிளாஸை எடுத்தேன். ‘டங்’ என்று வாளி மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“உறிஞ்சுங்க.”

மெதுவாக உறிஞ்சினேன்.

“ஃபேக்டரியில இப்பிடியா உறிஞ்சுவீங்க? சத்தமா!”

‘ஸ்ஸ்ர்ர்’ என்றேன். ஹோட்டலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஆகா, என்ன ருசி! குளிர்ச்சியாக, லேசான கசப்போடு, நாக்கின் நுனியிலிருந்து அடிவரை...

“ம். துப்புங்க.”

துப்பினேன். பத்திய மருந்தைத் துப்பியிருக்கிறேன், பல் பிடுங்கிய ரத்தத்தைத் துப்பியிருக்கிறேன். இவ்வளவு துக்கத்தோடு எதையும் துப்பியதில்லை.

“எப்பிடிங்க?”

“முதல் தரம்” என்றேன்.

போத்தலில் மிச்சமிருந்ததை அவள் ஒரு காலிப் போத்தலில் சொட்டுச் சிந்தாமல் ஊற்றி, கடதாசியைச் சுருட்டி அடைத்து, சோக்கால் ‘ப’ என்று எழுதினாள்.

“அது எதுக்கு?”

“காசு குடுத்து வாங்கினத வீணாக்கலாமா? வீட்டுக்கு கொண்டுபோவோம்.”

என் நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வீட்டுக்கு! ஊர் பார்க்க ஒரு சட்டம், வீட்டுக்குள் ஒரு சட்டம். பெண் மனசு ஆழம் என்று சும்மாவா சொன்னார்கள்? அவளை நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

ஹப்புத்தளையில் கறுப்புப் பியர். காற்று ஜன்னலை உடைத்துவிடும்போல அடித்தது. ஒரு மடக்கு வாயில் வைத்ததும் ஒரு துளியை மட்டும் உள்ளே நழுவவிடலாம் என்று பார்த்தேன். குணமணி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் பிட் அடிக்கிற பையனைப் பார்க்கிற பார்வை. துப்பிவிட்டேன்.

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார்.

“ஐயாவுக்கு ஒடம்புக்கு ஏதும்...?”

“இல்லங்க, அவரு தொழிலே அதுதான்” என்றாள் குணமணி.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுத் தன் கிளாஸை ஒரே மடக்கில் குடித்தார். பாவி. அவள் இரண்டாவது போத்தலில் ‘ஹ’ என்று எழுதினாள்.

ஹல்துமுல்லை. இதுதான் என் கடைசி நம்பிக்கை. பங்களாவின் பின்னால் மரப்பீப்பாய்கள். வெள்ளைக்காரக் கிழவர் வாளியைக் கண்டதும் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சரியான நிபுணர் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். செம்பு நிறத்தில் ஒரு கிளாஸ் கொடுத்தார். இஞ்சி வாசம், கருகிய சீனி வாசம். உறிஞ்சினேன். துப்பப் போகையில் அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். இங்கிலீஷில் சொன்னார்: வைன் என்றால் துப்பலாம். பியரைத் துப்பவே கூடாது. அதன் கசப்பு தொண்டையில்தான் தெரியும். விழுங்கினால்தான் ருசி.

தெய்வம் வெள்ளைக்காரன் உருவத்தில் வந்தது! வாயில் இருந்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

“குணமணி, தொர சொல்றாரு, பியர முழுங்கணுமாம். முழுங்கினாத்தான் ருசி தெரியுமாம்.”

குணமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தொர சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?”

“சத்தியமா தொரதான்!”

“கதிர்காமத்துலயும் சத்தியம்னுதான் சொன்னீங்க. ஜாபிர் தம்பி, தொர என்ன சொன்னாரு?”

வாசலில் நின்ற ஜாபிர் வானத்தைப் பார்த்தான்.

“எனக்கு இங்கிலீஷ் வெளங்காது டீச்சர். நான் உள்ளுக்கு வரவுமில்ல.”

அந்த நாள் முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அது. அதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை. சரி, என்ன ஆனாலும் ஆகட்டும், விழுங்கிவிடுவோம் என்று தொண்டையைத் திறந்தேன்.

“முருகன் பாத்துக்கிட்டு இருக்காருங்க” என்றாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே.

துப்பினேன். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனம் நோகக்கூடாது என்று குணமணியே ஒரு பெரிய போத்தல் நிறையக் கேட்டு வாங்கினாள். ‘ஹல்’ என்று எழுதினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் பின்சீட்டில் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு ‘டிங்’குக்கும் என் நெஞ்சு அடித்தது. நாக்கில் மூன்று ஊர் ருசியும் இருந்தது. தொண்டை மட்டும் ஆகஸ்ட் மாதம். ஜாபிரை வேகமாக ஓட்டச் சொன்னேன். வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கச் சொன்னேன். என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவினேன். கடலை வறுத்தேன். ஆமாம், நானே வறுத்தேன். ஒரு கிளாஸைக் கழுவித் துடைத்து, பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். குணமணி மூன்று போத்தல்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் கிளாஸை நீட்டினேன்.

“கொஞ்சம் நகருங்க” என்று சொல்லி என்னைத் தாண்டிப் போனாள்.

பாத்தியில் வரிசையாகத் தேங்காய்ச் சிரட்டைகள் புதைந்திருந்தன. வாய் மட்டும் மண்ணுக்கு மேலே. ஒவ்வொரு சிரட்டையிலும் பியர் ஊற்றினாள். நுரை வழியாமல், பக்குவமாக. கடைசியில் வாளியையும் கொண்டுவந்து கவிழ்த்தாள்.

“குணமணி! என்ன பண்றே?”

“நம்ம தோட்டத்து தொரசாணி போன மாசமே சொன்னாங்க. நத்தைக்கு பியர்னா உசுராம். மோந்து பாத்துட்டு வந்து உள்ள விழுந்து செத்துப்போயிருமாம். நான் என்ன பண்றது? ஒரு டீச்சரு தவறணையில போய் நின்னு பியர் கேக்க முடியுமா? பிள்ளைங்க பாத்தா என்னாகும்? நல்ல வேளைக்கு நீங்களே வந்து கேட்டீங்க.”

நான் கடலையைத் தின்றேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் விடிந்ததும் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். என் ஒரு நாள் சுற்றுலா, என் மூன்று ஊர், என் சத்தியத்தில் கண்டுபிடித்த சந்து, எல்லாம் சிரட்டைகளில் மிதந்துகொண்டிருந்தது.

“இங்க பாருங்க” என்றாள் குணமணி, சந்தோஷம் தாங்காமல். “ஹல்துமுல்லை பியர்ல சிரட்டை நெறைய நெறைய. ஹப்புத்தளையில பாதி. நீங்க முதல் தரம்னு சொன்னீங்களே பண்டாரவளை, அதுல ஒண்ணுகூட இல்ல.”

குனிந்து பார்த்தேன். கொடுத்துவைத்த நத்தைகள். ஒன்றுகூடத் துப்பவில்லை.