மனுதாரர் பெற்றிங்கில்

பழைய மாணவர் சங்கம் ஒன்று தொடங்கி மூன்று வருடங்களுக்குள் மலர் வெளியிட வேண்டும் என்பது பாரிசில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் எழுதப்படாத சட்டம். வெளியிடாவிட்டால் சங்கம் இரண்டாக உடையும். வெளியிட்டாலும் உடையும், ஆனால் இரு பகுதியாரிடமும் கையில் ஒரு மலர் இருக்கும்.

பெற்றிங்கில் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் பாரிஸ் கிளைக்கு 2012 அந்த மூன்றாவது வருடம். தலைவர் தவரத்தினம் பெர்தொனே தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர். வாழ்த்துச் செய்திகள் முப்பத்தொன்பது வந்து சேர்ந்திருந்தன. விளம்பரப் பக்கங்கள் நிரம்பியிருந்தன. உள்ளே போடுவதற்கு விஷயம் மட்டும் இல்லை. எனவே, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் இருந்தபடியே பள்ளிக்கூடத்துக்குப் பணமும் பெயரும் தந்த ஹைறம் பெற்றிங்கில் துரையின் வாழ்க்கை வரலாற்றைப் போடுவதென்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அவர் யார் என்று செயற்குழுவில் ஒருவருக்கும் தெரியாதபடியால் எதிர்ப்புக் கிளம்பவில்லை.

எழுதும் பொறுப்பு நீக்கிலாசிடம் வந்தது. லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடையின் பின்பக்கத்தில் அவருக்கு ஒரு மேசையும் ஒரு கணினியும் உண்டு. அகதி விண்ணப்பம் செய்கிறவர்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். இருபது வருடங்களில் ஆயிரத்து நூறு பேரின் கதையை எழுதியிருந்தார். பாரிசில் அவரளவு வாழ்க்கை வரலாறு எழுதிய தமிழர் வேறு எவரும் இல்லை. ஒன்றுகூட அச்சேறவில்லை.

அவர் பொய் எழுதுவதில்லை. உள்ளதை ஒழுங்குபடுத்துவார். யாருடைய கதையோ அவருடைய பெயரை எழுதமாட்டார்; எல்லோரும் அவருக்கு ‘மனுதாரர்’தான்.

தவரத்தினம் கொண்டுவந்து கொடுத்தது, துரையின் சொந்த ஊர் நூலகம் அனுப்பிய ஒரேயொரு தாள். பெற்றிங்கில் 1819இல் வேர்மண்ட் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். துணிக்கடை வைத்தார். 1841இல் லவீனியாவை மணந்தார். நான்கு பெண் பிள்ளைகள். வங்கி திறந்தார்; 1857 நெருக்கடியிலும் அது முறியவில்லை. மாநில சட்டசபைக்குப் போனார். ஒருமுறை தோற்றார், மறுமுறை மேலவைக்கே போனார். 1883இல் சொந்தக் கட்டிலில் காலமானார்.

நீக்கிலாஸ் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணை, இந்தாளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே.”

“அது நல்லம்தானே?” என்றார் தவரத்தினம்.

“அவருக்கு நல்லம். வாசிக்கிறவைக்கு? ஏன் நாட்டை விட்டு வெளிக்கிட்டவர் எண்டு முதல் கேள்வியே வருமே.”

“அவர் வெளிக்கிடேல்லை. அங்கையே செத்தவர்.”

“அதைத்தான் சொல்லுறன். வெளிக்கிடாத ஆளை எப்பிடி ஏற்றுக்கொள்ளுவாங்கள்?”

“காணும், நீக்கிலாஸ். ஆறு பக்கம் வேணும். ஆள் பெரிய ஆளாத் தெரியவேணும். மற்றது உம்மடை கெட்டித்தனம்.”

நீக்கிலாஸ் ஒழுங்குபடுத்தினார். 1857இல் பல வங்கிகள் முறிந்தபோது ஊர்ச்சனம் தங்கள் காசைக் கேட்டு வந்து பெற்றிங்கிலின் வாசலில் நின்றது. அது, ‘14.10.1857 காலை 9.30 மணியளவில் இனந்தெரியாத கும்பலொன்று மனுதாரரின் தொழிலிடத்தைச் சுற்றிவளைத்தது’ என்றாகியது. தேர்தல் தோல்வி அரசியல் பழிவாங்கலாயிற்று. மேலவைக்குப் போனது, சொந்த ஊரில் இருக்கமுடியாமல் தலைநகருக்கு இடம்பெயர்ந்ததாயிற்று. நான்கு பெண் பிள்ளைகளை அவர் அப்படியே விட்டார். அதற்கு விளக்கம் தேவையில்லை என்று பட்டது.

அதே வாரம் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மடுத்தீனின் கேஸ்.

மடுத்தீன் மன்னார் ஆள், நாற்பத்தைந்து வயது. சாப்பாட்டுக் கடையொன்றில் சட்டி கழுவுகிறார். மனைவி மரியகொறற்றி 2006இல் படகேறித் தமிழ்நாட்டு முகாமொன்றுக்குப் போனவள், இன்னும் அங்கேதான். மடுத்தீனுக்கு அகதி கார்ட் கிடைத்தால்தான் அவளைக் கூப்பிடலாம். அவருடைய விண்ணப்பத்தை அகதி அலுவலகம் ஏற்கெனவே ஒருமுறை நிராகரித்திருந்தது. ‘மனுதாரரின் கூற்று சுருக்கமாகவும் திகதிகள் இன்றியும் உள்ளது. நேரில் அனுபவித்த ஒருவரின் கூற்றாகத் தோன்றவில்லை.’ மறுபரிசீலனைக்கு இன்னொரு தரம் எழுத வேண்டும்.

“இந்த முறையாவது திகதி சொல்லுமன், ஐசே.”

“இருட்டறைக்குள்ளை கலண்டர் இல்லை, அண்ணை.”

“ஆர் பிடிச்சது? எந்த இடம்?”

“பேரைச் சொன்னா அங்கை இருக்கிறவைக்கு வில்லங்கம். நடந்ததை நடந்தமாதிரி எழுதுங்கோ.”

நீக்கிலாஸ் அப்படியே எழுதினார். ‘மனுதாரரைக் கொண்டுபோனார்கள். எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று அவர் எண்ணவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒருநாள் பேசவில்லை. அவருடைய சாப்பாட்டையும் மனுதாரருக்கே கொடுத்தார்கள். வெளியே வந்தபின் மனைவியிடம் தொலைபேசியில், சுகமாக இருந்ததாகச் சொன்னார்.’ இப்படியே நாலு பக்கம். இது தேறாது என்று நீக்கிலாசுக்குத் தெரியும்.

கணினியில் ‘மனுதாரர்’ என்று இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று மலருக்குப் போனது. மற்றதை இசபெல் என்ற புதுச்சேரிப் பெண் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, அகதி அலுவலகத்துக்கு அனுப்பினாள். அவள் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பதற்குத்தான் சத்தியம் செய்திருந்தாள், ஆச்சரியப்படுவதற்கு அல்ல.

மலர் வெளியீட்டு விழாவுக்குப் பதினான்கு பேச்சாளர்கள். மலரை ஒரு வாரமாக எழுத்தெண்ணி வாசித்ததாகப் பதினான்கு பேரும் சொன்னார்கள். மலர் அச்சகத்திலிருந்து வந்து அப்போதுதான் இரண்டு மணி நேரமாகியிருந்தது. துரையின் தொழில் மேதைமையை ஒருவர் வியந்தார். அவருடைய வங்கி இன்றும் நியூயோர்க்கில் இயங்குகிறது என்றார் இன்னொருவர். பின்வரிசையில் இருந்த நீக்கிலாஸ் சும்மா புரட்டிப் பார்த்தார். தாடி வைத்த பெற்றிங்கிலின் முழுப்பக்கப் படம். அதன் கீழே, ‘மனுதாரரைக் கொண்டுபோனார்கள்.’

அவர் மலரை மூடிக்கொண்டு எழுந்தார். மேடைக்குப் பின்னால் தவரத்தினத்தைப் பிடித்தார்.

“அண்ணை, கட்டுரை மாறிப்போச்சு. இது வேறை ஆளின்ரை கதை.”

“ஆராவது வாசிச்சவையோ?”

“இல்லை.”

“அப்ப மாறேல்லை” என்று சொல்லிவிட்டுத் தவரத்தினம் பொன்னாடை வாங்கப் போனார்.

ஆனால் இங்கே மாறியிருந்தால் அங்கேயும் மாறியிருக்க வேண்டும். மடுத்தீனுக்குச் செவ்வாய்க்கிழமை விசாரணை. நீக்கிலாஸ் சாப்பாட்டுக் கடையின் பின்கதவால் ஓடிப்போய்ச் சொன்னார். மடுத்தீன் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

“பறவாயில்லை, அண்ணை. நான் போய் உள்ளதைச் சொல்லுறன்.”

“உள்ளதைச் சொல்லித்தானே போனமுறை கவிண்டது!”

மடுத்தீன் பிறகு வந்து சொன்னதன்படியும், பின்னால் கிடைத்த அலுவலகக் குறிப்பின்படியும் விசாரணை இப்படி நடந்தது. அதிகாரி ஒரு பெண், கண்ணியமானவர். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில்.

“நீங்கள் வங்கி நடத்தினீர்களா?”

“இல்லை. சட்டி கழுவுறன்.”

அதிகாரி எழுதினார்: ‘வங்கியை இழந்தபின் பாத்திரம் கழுவும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.’

“சட்டசபையில் இருந்தீர்களா?”

“அம்மா, அது நானில்லை. அது வேறை ஆள்.”

‘கடந்த காலத்தைப் பேசும்போது தன்னை வேறொருவராகக் குறிப்பிடுகிறார். பாதிப்பின் ஆழம் புலனாகிறது.’

“கும்பல் வந்தது 1857இல் என்று இருக்கிறதே?”

“அப்ப நான் பிறக்கேல்லை. நான் பிறந்தது 1967.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மிகுந்த பரிவோடு விளக்கினார். “ஐயா, போனமுறை உங்களிடம் திகதியே இல்லை. அதனால் நிராகரித்தோம். இந்தமுறை திகதி இருக்கிறது, மணிகூட இருக்கிறது. திகதி இல்லாவிட்டால் குறை சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. இருக்கிற திகதியைக் குறை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.”

எட்டு வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். பிறந்த ஆண்டு கதையில் 1819, விண்ணப்பப் படிவத்தில் 1967. அலுவலகம் எந்தப் பக்கமும் சாயாமல் கூட்டி இரண்டால் வகுத்து 1893 என்று போட்டது. தொழில்: வங்கியாளர், முன்னாள் மேலவை உறுப்பினர். மனைவி: லவீனியா.

செய்தி லா சப்பல் முழுக்கப் பரவியது. அடுத்த மாதத்துக்குள் பதினேழு பேர் நீக்கிலாசின் மேசைக்கு வந்து, “அண்ணை, அந்த பாங்க் கேஸ்தான் இப்ப ஓடுதாம். எனக்கும் அதையே அடிச்சுத் தாங்கோ” என்றார்கள். அவர் மறுத்தார். வேறு இடத்தில் அடித்தார்கள். வேர்மண்டில் நிலவும் நெருக்கடி குறித்து அலுவலகம் இரண்டு பேர் கொண்ட ஆய்வுக் குழுவை நியமித்ததாகக் கேள்வி.

மடுத்தீனுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. கடுதாசியில் லவீனியா இருக்கும்வரை மரியகொறற்றி வரமுடியாது. திருத்தச் சொல்லி எழுதினார்கள். லவீனியாவின் மரணச் சான்றிதழோ விவாகரத்துத் தீர்ப்போ தரும்படி பதில் வந்தது. கடைசியில் நீக்கிலாஸ் தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்யை எழுதினார்: ‘மரியகொறற்றி, வீட்டில் லவீனியா என அழைக்கப்படுபவர்.’

மடுத்தீன் அவருடைய மேசையில் இருந்தே முகாமுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் மரியகொறற்றியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“ஆரப்பா உந்த லவீனியா?”

“அது நீர்தான்.”

“நானோ? நான் எப்ப உங்களைக் கட்டினனான்?”

“ஆயிரத்தெண்ணூற்று நாப்பத்தொண்டிலை.”

“நீங்கள் பிறந்ததே தொண்ணூற்றிமூண்டு எண்டு போட்டிருக்கெண்டியள்!”

“அவை அதைக் கவனிக்கேல்லை. நீரும் கவனியாதையும். மற்றதுகளைப் பாடமாக்கும்.”

மரியகொறற்றி பாடமாக்கினாள். துணிக்கடை, வங்கி, கும்பல், ஒன்பதரை மணி, சட்டசபை, மேலவை. இருபது மாதங்கள் காலையும் மாலையும் செபம்போலச் சொன்னாள். சென்னையில் விசா அதிகாரி நாற்பது கேள்வி கேட்டார். கணவன் தேர்தலில் எத்தனை வாக்கால் தோற்றார் என்பதுவரை சொன்னாள். 2014 வைகாசியில் வந்து இறங்கினாள்.

வந்த இரண்டாவது ஞாயிறு பூசைக்குப் பிறகு, ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் அவர்களுடைய ஒற்றை அறைக்கு நீக்கிலாசைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீன்குழம்பு அடுப்பில் இருந்தது. மரியகொறற்றி கட்டிலில் இருந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். பெற்றிங்கில் மலர்தான். ஐந்நூறு பிரதிகளில் வாசிக்கப்பட்ட முதலாவது பிரதி அது. அவள் கண் சிவந்திருந்தது.

“பாவம், இந்தத் தாடிக்காரர்” என்றாள். “என்ன பாடு படுத்தியிருக்கிறாங்கள். இவ்வளவும் பட்டுப்போட்டு மனிசிக்குச் சுகமா இருந்தனான் எண்டு சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரரிலும் இப்பிடி மனிசர் இருந்திருக்கினம்.”

மடுத்தீன் குழம்பைக் கிளறினார். நீக்கிலாஸ் வாயைத் திறந்தார். மடுத்தீன் திரும்பி, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“நீங்களும் இருக்கிறியளே” என்று அவள் புருசன் பக்கம் திரும்பினாள். “பாங்க் நடத்தி, எலெக்சன் கேட்டு, மேலவையிலை சொகுசா இருந்துபோட்டு...”

“இஞ்சாரும், அது கேசுக்கு எழுதினது.”

“சும்மா விடுங்கோ. அரசாங்கமே கார்ட்டிலை அடிச்சுத் தந்திருக்கு. எனக்குத்தான் ஒண்டும் சொல்லேல்லை.”

மடுத்தீன் சோற்றைப் போட்டார். மரியகொறற்றி கண்ணைத் துடைத்து, மலரை மூடி, நீக்கிலாசைப் பார்த்தாள்.

“அண்ணை, உதை எழுதினது நீங்களாமே. கல்லும் கரையும். இவருக்கும் உப்பிடி ஒண்டை எழுதிக் குடுத்திருந்தால் முதல் தரத்திலேயே ஏற்றுக்கொண்டிருப்பாங்கள்.”