ஒன்பதாவது பாட்டில் வரும் முதியவர்

சுங்கை பினாங்,
ஞாயிறு, பூசை முடிந்து.

மெல்போர்னில் கித்தாரும் கையுமாக இருக்கும் அன்பு மகள் ஷேரனுக்கு, அப்பா பேட்ரிக் ஆசீருடன் எழுதுவது. அந்தோணியார் தயவில் இங்கே இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் விஷயம் மட்டும் இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை.

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் காகிதம். உங்கள் பேண்டின் ஆல்பம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒன்பதாவது பாட்டின் கடைசியில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் வாய்ஸ் மெசேஜை ஒட்டிவிட்டாய். பாசார் இரைச்சலுக்கு நடுவில் என் குரல் "எப்ப வருவே?" என்று நான்கு தடவை கேட்கிறது. அது மீன் விற்கும் சலேஹாவைக் கேட்டது. பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவள் எப்போது திரும்பிக் கடை திறப்பாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அந்த நேரம் பார்த்து விரல் பட்டு உனக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இப்போது ஊரே என்னைப் பார்த்துக் கண் கலங்குகிறது. கோலாலம்பூர் விமர்சகர் ஒருவர் பத்துக்கு ஆறு போட்டு, கித்தார் லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல் இருக்கிறது, ஆனால் அந்த முதியவரின் குரலில் ஒரு தலைமுறையின் ஏக்கமே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எனக்கு அறுபத்திரண்டு வயதுதான். அதுகூடப் போகட்டும். சுருதி சேரவில்லை என்று கோயில் பாடகர் குழுவிலிருந்தே கழற்றிவிடப்பட்ட எனக்குப் பாராட்டு, விரல் தேய வாசித்த உனக்கு லாரியா? மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன், ஆள் பதிலே போடவில்லை. கீழ் மாடியில் குடியிருக்கும் டாக்சிக்காரர் ஹைக்கல், ரசிகர்கள் எழுதியதை வாசித்துக் காட்டினார். ஒரு பெண் பாட்டைக் கேட்ட கையோடு பஸ் ஏறி ஈப்போவில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போனாளாம். இன்னொருவன் விடியற்காலையில் அப்பாவுக்குப் போன் போட்டு, தூக்கத்தைக் கெடுத்ததற்குத் திட்டு வாங்கினானாம். உன் பாட்டைக் கேட்டு எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகிறார்கள், ஷேரன்.

கோயிலில் இன்னும் மோசம். மாதா சபைப் பெண்கள் எனக்காக நவநாள் ஜெபம் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்குப் பூசை முடிந்து சாவு வீடு மாதிரி வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். ரேமண்ட் அண்ணன் என் கையை விடவே இல்லை. "பேட்ரிக், இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான் லா." மீன் விஷயம் என்று விளக்கினால் இன்னும் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

ஆகவே என் குரலை உடனே எடுத்துவிடு. இங்கே யாரும் யாருக்காகவும் ஏங்கிக்கொண்டு இல்லை. உன் அறையில் அம்மா துணி காயப்போடுகிறாள், ரொம்ப வசதியாக இருக்கு. மூணு கிறிஸ்மஸ் வரலை, நாலாவதுக்கும் கச்சேரி இருந்தா இரு, ஒண்ணும் அவசரம் இல்லை.

உன் நெற்றியில் சிலுவை போட இங்கிருந்து கை எட்டாது. நீயே போட்டுக்கொள், ஆசீர் என்னுடையது.

அன்பு அப்பா,
பேட்ரிக்

பி.கு.: இதைப் படித்துவிட்டு உன் அம்மா கேட்கிறாள், "சலேஹாவுக்கு ஏதுங்க தமிழ்? அவகிட்ட நீங்க மலாய்லதானே பேசுவீங்க?" சரி, உன்னைத்தான் கேட்டேன். நாலு தடவை கேட்டேன். நீ அதைப் பாட்டுல போட்டியே தவிர, பதில் போடலையேம்மா.