நாற்பது பாக்கெட் அப்பளமும் நானும்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ஒரு அட்டைப்பெட்டியைக் காளவாசல் கூரியர் ஆபீசில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்!

பெட்டிக்குள் நாற்பது பாக்கெட் அப்பளம். நெதர்லாந்தில் ஒரு மொத்த வியாபாரிக்கு சாம்பிள்.

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. பிள்ளைகள், உள்ளூர்க் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு வியாபாரத்தில் யோசனை சொல்லும் புராஜெக்ட் செய்கிறார்கள். இருபது வருஷம் நெதர்லாந்தில் குப்பை கொட்டியவன் என்பதால் என்னை வழிகாட்டியாகப் போட்டார்கள். நானும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு போய்விட்டேன்.

எங்களுக்கு வாய்த்தது தவமணி அக்காவின் அப்பளக் கம்பெனி. அக்கா அனுப்பிய ரெண்டு சாம்பிளையும் அந்த வியாபாரி வேண்டாம் என்றுவிட்டார். ஏன்? நான் கலாச்சார வேறுபாடு, நுகர்வோர் மனநிலை என்று போர்டு நிறைய அம்புக்குறி போட்டேன்.

கவிப்ரியா என்ற மாணவி மட்டும், வியாபாரி அனுப்பிய மெயிலைத் திறந்து படித்தாள். எனக்கு அது தோன்றவில்லை.

"சார், லிஸ்ட்ல நாப்பதுன்னு இருக்கு. பெட்டியில நாப்பத்திரண்டு இருந்துருக்கு. எண்ணிக்கை ஒத்துவராத சரக்கு வேணாம்னு எழுதியிருக்காங்க."

அக்காவிடம் கேட்டோம்.

"ஆமா, ரெண்டு கூட வச்சேன். கொசுறு! நாப்பதுன்னா நாப்பதே வச்சா நம்மளக் கஞ்சப் பிசினாறின்னு நெனைக்க மாட்டாகளா?"

பிடித்துக்கொண்டேன் நான். அரை மணி நேரம் லெக்சர்!

"அங்கெல்லாம் எழுதினது எதுவோ அதுதான்க்கா பெட்டியில இருக்கணும். ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது!"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்பிடிப்பட்ட ஊர்லயா தம்பி இருபது வருசம் இருந்தீக? எம்புட்டுக் கஷ்டப்பட்டீகளோ, பாவம்."

மூன்றாவது சாம்பிள்தான் கடைசி என்று வியாபாரி சொல்லியிருந்தார். தேறினால் மாதாமாதம் ஆர்டர். அதை நம்பி அக்கா புதிதாக நாலு பெண்களை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். பெட்டி அனுப்ப வேண்டிய அன்று பிள்ளைகளுக்கோ பரீட்சை.

"நானே கொண்டு போறேன்," என்றேன் கம்பீரமாக.

கூரியர் ஆபீசில் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். சரியாக நாற்பது.

"அண்ணே, ஓரத்துல ஒரு கையளவு காலியா இருக்கு. ஆடுச்சுன்னா அப்பளம் நொறுங்கிரும். எதையாச்சும் வச்சு அடைங்கண்ணே," என்றார் கவுண்டரில் இருந்தவர்.

பழைய பேப்பர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை! ஸ்கூட்டரில் வீட்டுக்கு வாங்கிய மோர்மிளகாய்ப் பாக்கெட் கிடந்தது. எடுத்து வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

மனசு குளிர்ந்துபோனது. இருபது வருஷத்தில் அந்த ஊர்க் கடைக்காரர் ஒருத்தரும் எனக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா கொடுத்ததில்லை. நாமாவது பெருந்தன்மையாக இருப்போமே!

"இத லிஸ்ட்ல எழுதணுமாண்ணே?"

"அட, அதெல்லாம் எதுக்கு மாப்ள? அது கொசுறு!"

என் வாயால் சொன்னேன். என் காதால் கேட்டேன். ஒன்றும் உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து கவிப்ரியாவிடமிருந்து போன்.

"சார், அங்க கஸ்டம்ஸ்ல பெட்டியப் பிடிச்சு வச்சுட்டாங்க. லிஸ்ட்ல இல்லாத மிளகாய் இருந்துச்சாம். தவமணி அக்கா சாமி சத்தியமா நான் வைக்கலங்குறாங்க. அழுவுறாங்க சார்."

தொண்டையை மூன்று தடவை செருமினேன். "அது வந்தும்மா... பெட்டி ஆடாம இருக்கட்டும்னு நான்தான்..."

அந்தப் பக்கம் அக்கா போனைப் பிடுங்கினார்.

"தம்பி! என்னைய என்ன பேச்சுப் பேசுனீக! நானாச்சும் அப்பளத்துக்கு அப்பளம் வச்சேன்!"

அன்றைக்கே வியாபாரிக்கு அவர் மொழியிலேயே நீளமாக மன்னிப்பு எழுதினேன். தப்பு கம்பெனியுடையதல்ல, ஆலோசகருடையது என்று. பதில் ஒன்றரை வரியில் வந்தது: இன்னும் ஒரே ஒரு பெட்டி அனுப்பலாம். ஆலோசகர் தொடாமல்.

அனுப்பினார்கள். தேறிவிட்டது. நாலு பெண்களும் வேலைக்கு வருகிறார்கள்.

கவிப்ரியாவின் புராஜெக்ட் அறிக்கையில் முதல் பரிந்துரை: "ஏற்றுமதிப் பெட்டி மூடப்படும் இடத்தில் வழிகாட்டியை அனுமதிக்கக் கூடாது."

வழிகாட்டி கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளைகளுக்கு மார்க். போட்டேன்.