ஊர் தெரியாமல் பெண் பார்க்கப் போனவர்

எங்கே போகிறோம் என்று தெரியாமலே குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வெளியூர் புறப்பட்ட மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பவுண்டர். வீட்டில் கோபித்துக்கொண்டு கால் போன போக்கில் போனவர்களை நான் சேர்க்கவில்லை. சாமியார்களையும் சேர்க்கவில்லை. முறையாக டிக்கெட்டோடு பஸ் ஏறி, போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயர் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டே பிரயாணம் செய்தவரைச் சொல்கிறேன்.

அது யுத்த காலம். மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் ஒரு நூல் கடையில் குமாஸ்தா. அவர் காளவாசல் பக்கம் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். சகல வியாதிகளுக்கும் ஒரு சிவப்புத் தண்ணீர், ஒரு வெள்ளைத் தண்ணீர் என்று இரண்டே மருந்து கலக்குவார், ஜனங்களும் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் தபால்காரர்கூட 'கம்பவுண்டர்' என்றுதான் கூப்பிடுவார். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை.

வெளியே புறப்படுகிறவரைப் பார்த்து 'எங்கே?' என்று கேட்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நாசூக்காக 'தூரமா?' என்பார்கள். யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், சற்று உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். மற்றவர்களுக்கு இது ஒரு வழக்கம். கம்பவுண்டருக்கு இது பீனல் கோடு. சந்து முனைக்குப் போய்விட்டாலும் சரி, கேள்வி காதில் விழுந்தால் அறைக்குத் திரும்பி வந்து பாயை விரித்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தால்தான் மறுபடி அடி எடுத்து வைப்பார். எதிர்வீட்டுத் தையற்காரருக்கு இது தெரிந்துபோயிற்று. காலை வேளையில் வியாபாரம் இல்லாதபோது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கம்பவுண்டரே, எங்க கெளம்பிட்டீக?" என்பார். ஒரு திங்கட்கிழமை கம்பவுண்டர் ஏழு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். நடக்கும்போது வயிற்றுக்குள் சத்தம் கேட்டதாக டாக்டரே என்னிடம் சொன்னார்.

ரயிலில் போக அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் டிக்கெட் ஜன்னலுக்குள் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வியே அந்தக் கேள்விதானே. ஒரு தடவை ஊர்ப் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஜன்னலுக்குள் நீட்டினார். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமல், காகிதத்தையும் பார்க்காமல், "எங்கே?" என்றார். கம்பவுண்டர் அறைக்கு வந்தார், உட்கார்ந்தார், குடித்தார், திரும்பப் போய் வரிசையில் நின்றார். மறுபடியும் "எங்கே?" மூன்றாவது தடவை அவர் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் திண்டுக்கல்லைத் தாண்டியிருந்தது.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. பேரையூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா, தம்பிக்காக ஏழு இடத்தில் பெண் பார்த்து, ஏழும் தட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு முறையும் புறப்படும்போது யாரோ ஒரு மகானுபாவர் 'எங்கே' என்று கேட்டதுதான் காரணம் என்பது அவர் கட்சி. என் கட்சி வேறு. ஐந்தாவது இடத்தில் தாம்பாளத்தோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்து இவர், "நாக்கை நீட்டும்மா" என்றிருக்கிறார். பிறகு கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மி" என்று தகப்பனாரிடம் தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். அவர்கள் காபிகூடக் கொடுக்கவில்லை.

எட்டாவது இடத்துக்காக அக்கா கடிதம் போட்டார். இதுதான் கடைசி, இதுவும் தட்டினால் நான் இனி அலைய மாட்டேன், எனக்கும் முடியவில்லை என்று அழுதுகொண்டே எழுதியிருந்தது எழுத்திலேயே தெரிந்தது. அன்றைக்குக் கம்பவுண்டர் மருந்துப் பையைக்கூடக் கழற்றி வைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அம்புட்டுப் பேருக்கும் கை பாக்குறேன், கால் பாக்குறேன். எனக்குத் தலைவலிச்சா என்னன்னு கேக்க ஒரு ஆள் வேணும்ல?" என்றார்.

நான் இல்லையா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் கேட்டது என்னை அல்ல.

அப்புறம்தான் அவர் மூளையில் அந்த யோசனை உதித்தது. போகிற ஊர் எது என்று தமக்கே தெரியாவிட்டால், யார் கேட்டாலும் 'தெரியாது' என்று சத்தியமாகச் சொல்லிவிடலாம். தோஷம் ஒட்டுவதற்கு ஊரே இருக்காது. உடனே அக்காவுக்கு எழுதினார். ஊர் பெயர், பெண் வீட்டு விலாசம் எல்லாம் என் பெயருக்கு வர வேண்டும். அக்காவும் அத்தானும் பேரையூரிலிருந்து வண்டி கட்டி நேரே பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இவர் மதுரையிலிருந்து தனியாக வருவார். நானும் கூட வரட்டுமா என்றதற்கு, உன்னையும் நாலு பேர் கேப்பாக என்று சொல்லிவிட்டார்.

மேற்கே போகிற பஸ். பெட்ரோல் பஞ்சத்தில் பின்னால் அடுப்பு வைத்துக் கரி வாயுவில் ஓட்டிய காலம் அது. ஊர்ப் பலகை கண்ணில் படக் கூடாது என்று கம்பவுண்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி பஸ் ஏறினார். பார்வை இல்லாதவர் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். டிக்கெட்டை நான் காகிதத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். கண்டக்டரிடம் தனியாக விஷயத்தைச் சொல்லி, இறங்க வேண்டிய இடத்தில் தோளைத் தொட்டு இறக்கி, இந்த விலாசச் சீட்டைக் கையில் கொடு, ஊர் பெயரை மட்டும் வாயில் எடுக்காதே என்றேன். கம்பவுண்டர் மருந்துப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். பஸ் இருமிக்கொண்டே கிளம்பியது.

இனி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். ருசிக்காக நான் போட்ட உப்பும் கொஞ்சம் இருக்கலாம்.

காளவாசலில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அங்கே பஸ் நின்றதும், எவனாவது பார்த்துக் கேட்டுவிடப் போகிறான் என்று தலையில் துண்டைப் போட்டு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பின் சீட்டில் ஒரு பெரிய மீசைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஹெட் கான்ஸ்டபிள். அன்று லீவு, சாதாரண உடுப்பில் இருந்தார். யுத்த காலத்தில் காரணம் இல்லாமல் முகத்தை மறைக்கிற மனிதனை எந்தப் போலீஸ்காரர் விடுவார்? பஸ் நகர்ந்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று. காதில் பஞ்சு இருந்ததால் விசாரணை உச்சஸ்தாயியில் நடந்தது. பஸ் முழுவதும் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"எங்கய்யா போற?"

"தெரியாதுங்க."

"டிக்கெட் இருக்குல்ல?"

"இருக்கு. நான் பாக்க மாட்டேன்."

எதற்காகப் போகிறாய் என்றதற்கு, நல்ல காரியம், வெளியே சொல்லக் கூடாது என்றார். பையில் என்ன என்றதற்குத் திறந்து காட்டினார். சிவப்பில் நாலு புட்டி, வெள்ளையில் நாலு புட்டி. ஜன்னலோரம் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஹெட் கான்ஸ்டபிள் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துப் பிரித்தார். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவர் போய்க்கொண்டிருந்த ஊர். அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர்.

"எங்க ஊருக்கு எதுக்குய்யா வார?"

"உங்க ஊருங்களா? நல்லதுண்ணே. பேரை மட்டும் சொல்லிராதீக, புண்ணியமாப் போகும்."

அதற்குப் பிறகு ஹெட் கான்ஸ்டபிளுக்குச் சந்தேகமே இல்லை. பஸ் நின்றதும் கம்பவுண்டரின் மணிக்கட்டைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு நடந்தார். கண்டக்டர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறான். இறக்க வேண்டிய ஊரில் ஆள் இறங்கியாயிற்று, ஊர் பெயரும் சொல்லவில்லை, அதற்கு மேல் நம் பொறுப்பில்லை என்று விலாசச் சீட்டைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு விசில் ஊதிவிட்டான்.

ஹெட் கான்ஸ்டபிள் அன்று லீவு போட்டதே தங்கை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகத்தான். தாய்மாமன் இல்லாமல் அந்தக் காரியம் நடக்காது. பிடித்த ஆளை நாளைக் காலையில் ஸ்டேஷனில் ஒப்படைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குள் கைதியை வாசல் வழியாகக் கொண்டுபோவதும் முறையில்லை. எனவே கொல்லைப் பக்கமாகக் கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்தில் உட்காரவைத்து, வெளியே படலைச் சாத்திக் கட்டிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு கூடத்துக்குப் போனார். மாப்பிள்ளை வந்தாயிற்றா என்று விசாரித்தார்.

மாப்பிள்ளை வரவில்லை. நல்ல நேரம் நாலரை மணியோடு சரி. நாலு ஆயிற்று. பெண்ணின் தகப்பனார் அத்தானிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். அக்கா ஒரு தூணோடு சாய்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பூட்டச் சொல்லிவிடலாமா என்று அத்தான் எழுந்தே விட்டார். முப்பது அடி தூரத்தில் மாப்பிள்ளை, ஒரு எருமைக்கும் இரண்டு பசுக்களுக்கும் நடுவே, காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். தோஷமே இல்லாமல் புறப்பட்டும் இப்படி ஆயிற்றே என்று அவருக்கும் கண் கலங்கிவிட்டது. இதை அவரே என்னிடம் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு வயசு. அந்தக் காலத்துக்கு அது அதிகம். அவளையும் நாலைந்து கூட்டம் வந்து பார்த்து, வடையைத் தின்றுவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போயிருந்தது. இந்த மாப்பிள்ளையும் வரவில்லை என்றதும் அடுக்களையில் இருக்கப் பிடிக்காமல் கொல்லைக்கு வந்திருக்கிறாள். மாமா யாரையோ பிடித்து அடைத்துவைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். கைதியானாலும் தாகம் இருக்கும் என்று ஒரு செம்பு மோரோடு படலைத் திறந்தாள்.

அவர் முதலில் பார்த்தது மோரை அல்ல. அவள் புறங்கையைத்தான். வடை சுடும்போது எண்ணெய் தெறித்துக் கொப்புளமாக இருந்தது. உடனே பையைத் திறந்து, புட்டிகளுக்கு அடியில் கிடந்த தீப்புண் களிம்பை எடுத்தார். உட்காரு தாயி என்றார். மருந்து தடவித் துணி சுற்றி, நறுவிசாக முடிச்சுப் போட்டார். நாக்கை நீட்டச் சொல்லவில்லை. கட்டுப் போட்டு முடித்து மோரைக் கையில் வாங்கியபோது, அவர் காதுப் பஞ்சு நழுவி விழுந்தது. அவள் கேட்டாள்.

"எங்க போறீக?"

கேட்டே விட்டாள். ஏழு கல்யாணத்தைக் கெடுத்த கேள்வி. திரும்பிப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாக வேண்டும். ஆனால் கம்பவுண்டர் உட்கார்ந்துதான் இருந்தார். கையில் மோரும் இருந்தது. ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, கட்டு சரியாக இருக்கிறதா என்று அவள் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொன்னார்.

"பொண்ணு பாக்கப் போறேன் தாயி. எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. நான் போகலைன்னா எங்க அக்கா உக்காந்து அழுகும்."

அவள் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பிறகு சொன்னாள்: "உள்ள அழுதுக்கிட்டுத்தான் இருக்காக."

கம்பவுண்டருக்கு அது விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும், பிடித்திருந்த கையைச் சுட்டது போல விட்டுவிட்டார். அவள் சிரித்தாள். சிரிப்பு கூடத்துக்குக் கேட்டது. ஹெட் கான்ஸ்டபிள் ஓடி வந்தார், பின்னால் எல்லோரும் வந்தார்கள். அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். நாலரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், வேட்டியில் சாணியோடு மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிற அவசியம் யாருக்கும் வரவில்லை. ஹெட் கான்ஸ்டபிள் மட்டும் ஓரமாகப் போய் எருமையைத் தடவிக்கொண்டு நின்றாராம்.

அடுத்த மாதமே கல்யாணம். தாய்மாமன் மாலை போடும்போது மாப்பிள்ளை காதோடு, "மாப்ள, இனிமேலாச்சும் டிக்கெட்டைப் பாத்துட்டு ஏறுங்க" என்றார். தன்னை ஒரு மணி நேரத்துக்குள் நாலு தடவை 'தாயி' என்று கூப்பிட்டவரை அந்த அம்மாள் லேசில் விடவில்லை. கோபம் வந்தால், "தாயி சொல்றேன், கேளுங்க" என்பார்.

பழங்காநத்தத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு அவர் எங்கள் அறையைக் காலி செய்தார். டிரங்குப் பெட்டியைக் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டு, அப்பாடா, இனி அறை முழுவதும் நமக்கு என்று கையைக் காலை நீட்டிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஹோட்டலுக்குச் சாப்பிடப் புறப்பட்டவன், பாதி வழியில் திரும்பிப் பழங்காநத்தத்துக்கு நடந்தேன். அவர் போய் முழுசாக ஒரு பகல்கூட ஆகவில்லை.

வாசலில் என்னைப் பார்த்ததும், "என்ன தம்பி, ஒடம்புக்குச் சரியில்லையா?" என்றார்.

சும்மாத்தான் வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நாடி பார்த்தார். பிறகு என் கையை விடாமலே உள்பக்கம் திரும்பி, "இவனுக்கு ஒண்ணுமில்ல. ஒரு எலை போடு" என்றார்.

அன்று அங்கே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த மனிதரை எனக்கு அம்புட்டுப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.