குளம் வற்றியதைப் பாடியவர்

மேழி நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்களே தங்கள் அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த ஐந்தாண்டும் அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். வென்ற அரசர் முதல் வேலையாக நாட்டின் மகாகவி யார் என்று அறிவிப்பார். இறந்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பட்டம் என்பது சட்டம்.

அரண்மனைப் புலவர் ஆவுடைக் கவிராயர், பழைய அரசரின் முன்னால் "ஊர்க்குளம் வற்றிவிட்டது" என்று பாடிச் சிறைக்குப் போனவர். அடுத்து வந்த அரசர் அவரை மகாகவி என்று அறிவித்து, சந்தையில் ஏழடிச் சிலை வைத்தார். ஆளை விடுதலை செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

சிறையைப் பார்வையிட வந்த அமைச்சரிடம் கவிராயர் கைகூப்பினார். "ஐயா, அந்த ஆவுடை நான்தாங்க. என்னை வீட்டுக்கு அனுப்புங்க."

"மகாகவி கொடுங்கோலனின் சிறையில் உயிர் நீத்தார். இரங்கல் உரை ஆற்றியதே நான்தான்" என்றார் அமைச்சர். "தவிர, சிலை ஏழடி. நீர் ஐந்தடிகூட இல்லையே!"

பிறகு ஓர் ஆணை வந்தது. மகாகவியின் பாட்டை ஒப்பித்தால்தான் ஊரில் ரேஷன் அரிசி, சிறையில் கஞ்சி. நல்லாட்சிக்குப் பொருந்தும்படி அறிஞர் குழு பாட்டைத் திருத்தியிருந்தது: "ஊர்க்குளம் நிரம்பிவிட்டது." மக்கள் ஒப்பித்து அரிசி வாங்கினார்கள். உலை வைக்கத்தான் தண்ணீர் இல்லை. கவிராயரோ தான் எழுதியபடியே ஒப்பித்துப் பட்டினி கிடந்தார்.

"மகாகவி பாட்டைப் போய்த் தப்பாச் சொல்றீங்களே, பெரியவரே" என்று காவலர் மருதையன் வருத்தப்பட்டார்.

நான்காம் நாள் கவிராயருக்கே குழப்பம் வந்துவிட்டது. நிரம்பியதாகத்தான் பாடினேனோ? அந்த ஆவுடை வேறு யாரோ? பாவம், பசி தாங்காமல் திருத்திய பாட்டை ஒப்பித்துக் கஞ்சி குடித்தார். அதன்பின் அவர் வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த தேர்தலில் வேறொருவர் அரசரானார். குளம் வற்றிக் கிடப்பதை அவர் கண்டுபிடித்தார். நிரம்பியதாகப் பொய் பாடிய ஆவுடைக் கவிராயர் தேசத்துரோகி, தூக்கில் போடுங்கள் என்றார். சிலையை உடைத்தார்கள். அணி மாறி மீண்டும் அமைச்சராகியிருந்த பழைய அமைச்சர் சிறைக்கு ஓடிவந்தார்.

"கவிராயரே, நலமா?"

"நான் அவர்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்குங்க."

"சந்தேகமே வேண்டாம், நீர்தான்! இந்த முகத்தை மறப்பேனா?"

மருதையனும் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்.

தூக்குமேடைப் படியில் ஓர் அதிகாரி கவிராயரை நிறுத்தி, உச்சியிலிருந்து பாதம்வரை நூல் பிடித்து அளந்தார்.

"இது எதுக்குங்க?"

"சிலைத்துறைங்க. போன தடவை உயரம் தப்பாப் போச்சு."