செக்கில் கையெழுத்து வரைந்த தலைவர்

கையெழுத்தைப் போடாமல் வரைகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. கூரியர்காரர் தாளை நீட்டினாலும் சரி, பேரன் மார்க் அட்டையை நீட்டினாலும் சரி, முதலில் சட்டைக் கையை மடித்துக்கொள்வார்கள். பேனாவைக் காற்றில் இரண்டு சுற்று சுற்றுவார்கள், யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்வார்கள். பிறகு ரயில் வளைவில் திரும்புகிற மாதிரி ஓர் இழுப்பு, அதன் அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகள் எதற்கு? கேட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் போய்விடும்.

சடையங்குப்பத்தில் ஒரு தெருவின் நலச்சங்கத் தலைவர் குணசேகரன் அந்த இனத்தைச் சேர்ந்தவர். மணலியில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்து, சின்னக் கையெழுத்தாகவே போட்டுப் போட்டு ஓய்ந்தவர். தலைவரான பிறகு அடைபட்டிருந்த கலை முழுவதும் வருஷத்துக்கு வருஷம் வெளியே வந்தது. சங்கத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செலவெல்லாம் செக்கில்தான் என்று இந்த வருஷம் விதி கொண்டுவந்தவரும் அவர்தான்.

ஐப்பசி பிறந்தால் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும். அதை இறைக்க, மோட்டார் வாடகைக்கு விடும் வில்சனிடம் முன்கூட்டியே டீசல் மோட்டார் சொல்லிவைப்பது வழக்கம். இந்த வருஷ முன்பணம் பன்னிரண்டாயிரம். சங்கப் பொருளாளரான அங்கன்வாடி டீச்சர் செங்கொடி கேட்டாள்: “போன்லயே அனுப்பிடலாமே தலைவரே?”

“அதுல கையெழுத்து எங்கம்மா கீது?”

செக் போனது. நாலாம் நாள் திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்! குணசேகரனுக்கு வந்ததே கோபம். தன் கையெழுத்தைத் தன்னிடமே சரியில்லை என்று சொல்ல ஒரு பேங்கா? இரண்டாவது செக்கை எழுதும்போது அதிக கவனம் எடுத்துக்கொண்டார். அதாவது, மூன்றாவதாக ஒரு புள்ளி வைத்தார். கவனமெல்லாம் அங்கேயே செலவாகிவிட்டதில், எழுத்தில் பன்னிரண்டாயிரமும் எண்ணில் இருபத்தோராயிரமும் எழுதியிருந்தார். அதுவும் திரும்பியது.

நேரே பேங்குக்குப் போனார். கவுன்ட்டரில் ஜெயஸ்ரீ என்ற அதிகாரி, பொறுமையான பெண், கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கணக்குத் தொடங்கிய அன்று போட்ட மாதிரிக் கையெழுத்து அதில் இருந்தது. நேராக நிற்கிற எழுத்துகள். ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது.

“யாரும்மா இது?”

“நீங்கதான் சார். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி.” ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். “மூணு தடவை போடுங்க.”

போட்டார். ஒன்று கப்பல் மாதிரி இருந்தது, ஒன்று கருவாடு மாதிரி. மூன்றாவதில் ‘கு’வையே காணோம்.

“இதுல எது சார் நீங்க?”

குணசேகரன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். புதிய மாதிரிக் கையெழுத்துக்கான படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, எந்தக் கையெழுத்தைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வாரம் யோசித்தார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

வில்சனுக்கு போன் போட்டார்.

“தலைவரே, உன் செக்கு ரெண்டு தபா திரும்பிச்சு. பேங்க்ல எனக்கு வேற அபராதம் புடிச்சுக்கினாங்க. மோட்டார மீஞ்சூர்காரங்க எடுத்துகினு பூட்டாங்கபா.”

மறுநாள் விடியும்போது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். முதலில் புகுந்தது பள்ளத்தில் இருக்கிற அங்கம்மா வீட்டில். தையல்காரி. தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். ஊரார் கொடுத்த பதினெட்டு ஜாக்கெட் துணிகள் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்து மிதந்தன. குணசேகரன் ஓடிப்போய் தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். பின்னாலேயே துணி மூட்டையோடு வந்த அங்கம்மா, திட்டக்கூட இல்லை.

“இன்னாண்ணே, பேங்க்காரங்க உன்ன இன்னார்னு கண்டுக்கினாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

மிஷினின் கனம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

செங்கொடி தன் கைப்பணத்தை போனில் அனுப்பி, இரண்டாம் நாள் வேறு ஒருவரிடம் மோட்டார் பிடித்தாள். தண்ணீர் வடிந்தது. துணிச் சாயம் வடியவில்லை. குணசேகரன் அங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு துணிக்காரர்கள் வீடு வீடாகப் போனார். “அந்தம்மா மேல தப்பில்ல. என் கையெழுத்தாலதான் வந்த வினை” என்று ஒவ்வொரு வாசலிலும் தானே சொன்னார். நாலாவது வீட்டில் சிரித்தார்கள். ஏழாவது வீடு வருவதற்குள் அவரே சிரிக்கப் பழகிவிட்டார். புதுத் துணிக்கு ஆன செலவு அவருடைய பென்ஷனிலிருந்து போனது. அங்கம்மா கண் விழித்துத் தைத்தாள். பதினெட்டில் பதினாறு தீபாவளிக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். குணசேகரன் எழுந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கருவாட்டையும் மறைக்கவில்லை. செக் விதியை ரத்து செய்தார். தலைவர் பதவியை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதி, சட்டைக் கையை மடித்து, பேனாவைச் சுற்றி, கையெழுத்திட்டுச் செங்கொடியிடம் நீட்டினார்.

அவள் அதைச் சங்க மினிட் புத்தகத்தில் இருந்த அவர் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தாள்.

“கையெழுத்து ஒத்துப்போகல தலைவரே. கடிதம் செல்லாது. உட்காருங்க.”

கூட்டம் ஐந்து நிமிஷம் சிரித்தது. மறுநாள் குணசேகரன் பேங்கில் வாங்கிய அந்தப் படிவத்தில் பள்ளிப் பிள்ளை மாதிரி நேரெழுத்தில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு தாளில் உங்கள் கையெழுத்தைப் போட்டு மூடிவைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தாளில் போட்டுப் பாருங்கள். இதை எழுதியவர் அப்படிப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது பேங்குக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறார். ஆட்டோவில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.